மிச்சமிருக்கும் 14 குளிசைகள்: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் மோர்பின் மருந்தை யாருக்கு, எங்கே, எத்தனை நாளுக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

என் அலுமாரியில் 14 மோர்பின் குளிசைகள் இருக்கின்றன. அக்காவுக்காக வாங்கியவை. அவர் போய், அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. இவற்றைத் திருப்பிக் கொடுக்க இரண்டு தடவை முயன்றேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் பாடு அக்காவோடு போயிற்று என்று பேசாமல்தான் இருந்தேன். போன வாரம், எங்கள் ஒழுங்கையில் வாய்ப்புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்தான். என்னிடம் படித்த பையன். "டீச்சர், இனி ஏழு நாளுக்குத்தான் மருந்து தருவாங்களாம். அதுவும் அப்பாவே நேரில வரணுமாம். நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டான். நான் சமாளிக்கவில்லை. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 22 வருடமாக உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர் நிலாவெளிக்கும் அப்பால், புல்மோட்டை வீதியில் ஒரு கரையோரக் கிராமம். மருந்து தரும் இடம் எங்களுக்கு 40 கிலோமீற்றர் தூரம். அந்த இடத்தின் பெயரையோ அங்கே வேலை செய்பவர்களின் பெயரையோ எழுதப் போவதில்லை. அவர்களில் பலர் எங்களுக்கு உதவவே விரும்பினார்கள் என்பதை என் கண்ணால் கண்டேன். அவர்களின் கையைக் கட்டுவது நீங்கள் போடும் ஒழுங்குகள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு மார்புப் புற்றுநோய். வெட்டி எடுத்து, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சையும் எடுத்து, நான்கு வருடம் நன்றாக இருந்தார். பிறகு முதுகெலும்பில் வந்தது. படுத்தால் நோ, இருந்தால் நோ, தும்மினால் உயிர் போகும். இரவில் கத்தக்கூடாது என்று தலையணையின் மூலையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தது, அதற்காக. இரண்டு பனடோலும் ஒரு ஊசியும் என்று ஐந்து வாரம் போன பிறகுதான் ஒரு டொக்டர் மோர்பின் எழுதினார்.

முதல் குளிசை போட்டு முக்கால் மணித்தியாலம் இருக்கும். "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டுத்தான் தண்ணீர் வைத்தேன். முதல் இரண்டு நாள் தூக்கம் தூக்கமாக வந்தது, கொஞ்சம் குமட்டியது. மூன்றாம் நாள் அது போய்விட்டது. மலம் இறுகும் என்று முன்கூட்டியே சொல்லி அதற்கும் மருந்து தந்திருந்தார்கள். காலை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10 என்று நேரம். இரவு 10 மணிக்கு இரட்டைப் பங்கு, நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருக்க. ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். வலி எவ்வளவு என்று அக்காவே பத்துக்குப் புள்ளி போடுவார். "இண்டைக்கு மூண்டு. பெயில்தான்" என்று சிரிப்பார். இரண்டாவது வாரம் கதிரையில் இருந்தபடி சுறா வறைக்குத் தேங்காய் காணாது என்று என்னை ஏசினார். அவர் பழைய ஆளாகிவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

அந்தக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் சிவப்பு மையில் "இல்லை" என்று எழுதிய கட்டங்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதல் "இல்லை" வந்தது கையிருப்பு முடிந்ததால். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் தொலைபேசி இலக்கம் அவர்களின் பதிவேட்டில் இருந்தது. காலை பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு யன்னலுக்குப் போனபோது "முடிஞ்சுது, அடுத்த செவ்வாய் வாங்க" என்றார்கள். அன்று புதன்கிழமை. நடுவில் ஆறு நாள். தினமும் எடுத்துப் பழகிய மோர்பினைச் சட்டென்று நிறுத்தினால் பழைய வலி திரும்புவதோடு நிற்காது. வியர்க்கும், வயிற்றைப் பிரட்டும், கைகால் ஒரு இடத்தில் நிற்காது. எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அக்காவுக்கு ஏதோ புதுக் காய்ச்சல் என்று நினைத்து ஒரு முழுப் பகல் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். "ஏலாவிட்டால் கொண்டு வாங்க, ஊசி போடலாம்" என்றார்கள். ஒரு ஊசி நான்கு மணித்தியாலம் கேட்கும். போய்வரவே மூன்று மணித்தியாலம் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தடவை, நோயாளியைக் காட்டாமல் மருந்து தர முடியாது என்றார்கள். வான் ஒன்று பிடித்து, பின் ஆசனத்தைக் கழற்றி, மெத்தை போட்டு அக்காவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். எங்கள் வீதியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், 19. ஒவ்வொன்றுக்கும் வான் சாரதி முன்கூட்டியே "அக்கா, வருது" என்று சொல்வார். அக்கா என் மணிக்கட்டைப் பிடிப்பார். போய்ச் சேர்ந்தால், மோர்பின் அலுமாரியின் திறப்பு வைத்திருப்பவர் லீவில். மருந்து இருக்கிறது, பத்தடி தூரத்தில். திறப்பு இல்லை. அங்கே நின்ற ஒரு நேர்ஸ் மிஸ் கண் கலங்கி, "நான் என்ன செய்யிறது அக்கா" என்று என்னிடம் கேட்டார். திரும்பி வந்தோம், அதே 19.

மூன்றாவது தடவை மருந்து கிடைத்தது. வாங்கப் போன மருமகனை வழியில் மறித்துச் சோதித்தார்கள். பையில் குளிசை, பெட்டியில் மோர்பின் என்று பெயர். டொக்டரின் துண்டு இருந்தும் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்து, யாருக்கு, எதற்கு, எங்கே விற்கப் போகிறாய் என்று கேட்டார்கள். விட்டுவிட்டார்கள்தான். ஆனால் 21 வயதுப் பையன், அடுத்த முறை நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஒழுங்கு, அக்காவுக்கு இடையிடையே நடந்ததை எல்லோருக்கும் வாரந்தோறும் நடக்கச் செய்யும். இதற்கு எழுத்தில் ஏதாவது சுற்றறிக்கை உண்டா என்று கேட்டேன். "மேலிடத்துச் சொல்" என்று மட்டும் பதில் வந்தது. காரணம் கேட்டால், பிள்ளைகள் போதைக்கு அடிமையாகிறார்கள், மாவட்டத்தில் ஐஸும் ஹெரோயினும் கூடிவிட்டன என்கிறார்கள். கூடித்தான் இருக்கிறது. என் வகுப்பிலிருந்தே இரண்டு பிள்ளைகளை அதற்கு இழந்தவள் நான். அவர்கள் கையில் இருந்தது ஒரு கிழவியின் தலைமாட்டுக் குளிசை இல்லை.

மோர்பின் என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது என் பாடம் என்பதால். அல்கலோயிட் என்பது பெரும்பாலும் தாவரங்கள் உண்டாக்கும், நைதரசன் கொண்ட ஒரு சேர்வை வகை. தேயிலையில் கஃபீன், புகையிலையில் நிக்கொட்டின், சிங்கோனா மரப்பட்டையில் குயினைன், பாக்கில் அரிக்கோலின். அபின் செடியின் பாலில் இருப்பது மோர்பின். 17 காபன், 19 ஐதரசன், ஒரு நைதரசன், 3 ஒட்சிசன். அவ்வளவுதான் அந்தப் பூதம். (வகுப்பில் இதைச் சொன்னால் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை "பலூடாவில போடுற கசகசாவா டீச்சர்?" என்று கேட்கும். இல்லை, அபின் செடியின் விதைக்கும் அதே பெயர்தான், ஆனால் எங்கள் பலூடாவில் கறுப்பாக ஊறிக் கிடப்பது துளசிச் சாதி விதை. பயப்படாமல் குடியுங்கள்.)

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகிய சேர்ட்டூனர் என்ற இளைஞர்தான் இதை அபினிலிருந்து பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்ஃபியசின் பெயரை வைத்தார். அபினை அப்படியே கொடுத்தால் ஒரு நாள் வலி நிற்காது, இன்னொரு நாள் ஆள் எழும்பமாட்டார். பிரித்தெடுத்த பிறகுதான் இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்க முடிந்தது. அளந்து கொடுக்கலாம் என்பதுதான் இந்த மருந்தின் முழுப் பெருமையும். நீங்கள் அதை அளவில்லாத ஆபத்து என்று நினைத்து நடத்துகிறீர்கள்.

இன்னொன்று. 1970களில் நம் மூளையில் மோர்பின் வந்து பொருந்துகிற இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று தேடிப் போனபோது, உடம்பு தானாகவே வலி தணிக்கும் பொருட்களைச் சுரக்கிறது என்று தெரிந்தது. அவற்றில் ஒரு குடும்பத்துக்கு என்டோர்பின் என்று பெயர், அதாவது உள்ளே பிறக்கும் மோர்பின். அவை வேறு சேர்வைகள். ஆனால் 2004இல் ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள், வளர்ப்புத் தட்டில் வைத்த மனிதக் கலங்களுக்கு அடையாளமிட்ட கனமான ஒட்சிசனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஒட்சிசன் மோர்பினில் வந்து இருந்தது. செடியிலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோ வந்ததென்று சொல்ல வழியில்லை. மனிதக் கலமே, அபின் செடி போகிற வழிக்குக் கிட்டத்தட்ட ஒத்த வழியில், அதே மூலக்கூறை ஆக்கியிருக்கிறது. அளவு மிக மிகக் கொஞ்சம். முதுகெலும்பைத் தின்னும் புற்றுநோய்க்கு அது எந்த மூலைக்கும் காணாது. அதனால்தான் வெளியே இருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்கிறோம். மேசன் வேலைக்குப் போகும்போது மண்வெட்டி கொண்டு போகிறவனைக் கொலைகாரன் என்று மறிக்காத மாதிரி, உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கொண்டு போகிறவர்களையும் விட்டுவிடுங்கள்.

"இது கடைசி நேரத்துக்குக் குடுக்கிற மருந்து, குடுத்தால் ஆள் போயிடும்" என்று உங்கள் ஆட்களில் ஒருவரே அக்காவின் காது கேட்கச் சொன்னார். மூச்சைத் தணிக்கும் குணம் மோர்பினுக்கு உண்டு, நான் மறைக்கவில்லை. வலிக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும்போது அந்த ஆபத்து அரிது. கூடிவிட்டாலும் அதை முறிக்க நலொக்சோன் என்ற மருந்து இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விசேஷ கவனம் வேண்டும், மோர்பின் உடைந்து வரும் பொருட்கள் வெளியேறாமல் உடம்பில் சேரும். பதவி சிறிபுர பக்கம் சிறுநீரக நோய் எப்படிப் பரவியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே உங்கள் டொக்டர்கள் வேறு மருந்தைப் பார்க்கட்டும். அப்படி ஆளுக்கு ஆள் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே பூட்டைப் போடுகிறீர்கள்.

பாக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. எங்கள் ஒழுங்கையில் படுத்திருக்கும் அந்த மனிதர் 30 வருடம் கடலுக்குப் போனவர். இரவுக் கடலில் தூக்கம் வராமல் இருக்க வெற்றிலைக்கூறு போட்டவர். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளிவந்த அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னால் நிற்கிறது. பஸ் நிலையத்தில் இறங்கினால் பத்தடிக்குள் பாக்கு வாங்கலாம், யாரும் துண்டு கேட்கமாட்டார்கள், திறப்பு வைத்திருப்பவர் லீவிலும் போகமாட்டார். வருத்தத்தைத் தந்த பாக்கு, அதன் அல்கலோயிட்டோடு, பெட்டிக்கடையில் தொங்குகிறது. அந்த வலியைத் தணிக்கிற அல்கலோயிட்டுக்காக அவர் வாரம் ஒருமுறை 80 கிலோமீற்றர் போய்வர வேண்டும். அவரால் வாயே திறக்க முடியாது. நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விரல்களைக் காட்டுகிறார். நேற்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சட்டம் இருக்கிறது என்பீர்கள். 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டமும் 1984இல் வந்த கடுமையான திருத்தமும் அனுமதியில்லாமல் வைத்திருக்கிறவர்களுக்கும் கடத்துகிறவர்களுக்கும் எதிராக வந்தவை. வைத்தியர் எழுதிய மருந்தை வைத்தியசாலையில் வாங்கிச் சாப்பிடுவதை எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. போதைப்பொருள் பற்றிய 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, வலியைத் தணிக்க இந்த மருந்துகள் தவிர்க்க முடியாதவை, அவை போதியளவு கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று தன் முன்னுரையிலேயே சொல்கிறது. கட்டுப்படுத்து என்ற பாதியைப் படித்தவர்கள் கிடைக்கச் செய் என்ற பாதியையும் படித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்குப் படிமுறை வகுத்து, கடும் வலிக்கு வாய்வழி மோர்பினை வைத்தது 1986இல். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது டொக்டராகி உங்கள் கீழ் வேலை செய்கிறார்கள்.

பணமில்லை, ஆட்களில்லை என்பதையும் கேட்டிருக்கிறேன். சாதாரண மோர்பின் குளிசை விலை கூடிய மருந்து இல்லை. உகண்டா எங்களைவிடப் பணக்கார நாடும் இல்லை. அங்கே மோர்பின் தூளைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் அடைத்து வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். பயிற்சி பெற்ற தாதியரே அதை எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் வைத்தார்கள், டொக்டர் இல்லாத ஊர்கள் நிறைய என்பதால். அவ்வளவு தூரமும் போக வேண்டாம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சிலர் தொடங்கியது ஊர் ஊராகப் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. தாதி வீட்டுக்கு வருகிறார். குளிசையும் அவரோடு வருகிறது. எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள்.

ஏழு நாள், நேரில் வா என்ற ஒழுங்கு எழுத்தில் இருந்தால் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். வாய்ச்சொல்தான் என்றால் இந்த வாரமே நிறுத்துங்கள். வலி கட்டுக்குள் இருக்கிற நோயாளிக்கு ஒரு மாத மருந்தை, பெயர் பதிந்த ஒரு பராமரிப்பாளரிடம் அடையாள அட்டை பார்த்துக் கொடுங்கள். நோயாளி வரவேண்டியதில்லை, ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் வாருங்கள். புல்மோட்டை, மூதூர், கிண்ணியா, வெருகல் என்று தூரத்து ஊர்களில், பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய அரச வைத்தியசாலை ஒன்றிலாவது மோர்பின் வையுங்கள். திறப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள். இது ஒரு சதமும் செலவில்லாத காரியம். கையிருப்பு குறையும்போது பதிவேட்டில் உள்ள இலக்கங்களுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். மருந்து கொண்டு போகிறவருக்கு மூன்று மொழியிலும் ஒரு கடிதம், முத்திரையோடு கொடுங்கள். அதைப் பார்த்தால் மறிக்கக்கூடாது என்று பொலிஸாருக்கும் அறிவியுங்கள். அப்புறம், ஒவ்வொரு பிரதேசத்திலும் இரண்டு தாதியருக்காவது வலி பார்க்கப் பயிற்சி கொடுங்கள். என்னோடு நின்று கண் கலங்கிய அந்த மிஸ் போன்றவர்களைக் கேட்டால் முதல் ஆளாக வருவார்கள்.

இதற்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வாய்ச்சொல் வேண்டாம், அதுதான் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டது.

கடைசியாக அந்த 14 குளிசைகள். எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவற்றைக் கொண்டுபோய் மருந்து தந்த அதே யன்னலில் நீட்டினேன். திருப்பி எடுக்கப் புத்தகத்தில் இடமில்லை என்றார்கள். இரண்டாவது முறை, ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன், யாரும் கையெழுத்து வைக்கவில்லை. ஒருவர் "மலசலகூடத்தில போட்டுத் தண்ணி ஊத்துங்க" என்றார். தெருவுக்குப் போய்விடும் என்று பயந்துதானே இவ்வளவும் செய்கிறீர்கள். போகக்கூடிய 14 குளிசைகள் இதோ இருக்கின்றன, எண்ணி, பூட்டி, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒருவரை அனுப்புங்கள். பாடசாலை விட்டு இரண்டரைக்கு நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
புல்மோட்டை வீதியிலிருந்து ஒரு இரசாயனவியல் ஆசிரியை